பழைய ரேஸ் சைக்கிள்: மறை தெரியாமல் ஸ்பேனர் போடாதீர்கள்

1970-களில் இங்கிலாந்தில் செய்த நல்ல ரேஸ் சைக்கிள் ஒன்று கைக்கு வந்ததும், அன்றைக்கே அதைப் புதுசாக்கிவிட வேண்டும் என்று மனசு பறக்கும். அந்த அவசரம்தான் முதல் எதிரி. ஐம்பது வருடம் தாங்கிய ஃப்ரேம் ஒரே மதியத்தில் பாழாவதை நான் பார்த்திருக்கிறேன்.

சீட்டுக்குக் கீழே உள்ள குழாயில் ‘ரெனால்ட்ஸ் 531’ என்ற சின்ன ஸ்டிக்கர் இருக்கிறதா பாருங்கள். பர்மிங்ஹாமில் 1935-இல் வந்த மாங்கனீஸ் மாலிப்டினம் எஃகுக் குழாய் அது. பெரும்பாலும் முனைகளில் தடிப்பாக, நடுவில் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத மெல்லிசாக இருக்கும். சைக்கிளின் எடை குறைவதும் அதனால்தான். அதை முரட்டுத்தனமாக மணல் அடித்துச் சுரண்டுவதும், மேலே தடித்த பவுடர் கோட்டிங் போட்டு மூட்டுகளின் செதுக்கல் வேலையை மறைப்பதும் வேண்டாம். பழைய பெயிண்ட் பாதி நன்றாக இருந்தாலே அப்படியே விட்டுவிடுங்கள். துரு உள்ள இடத்தை மட்டும் தேய்த்து டச்சப் செய்தால் போதும்.

அடுத்தது மறை, அதாவது ஒன்றை ஒன்றில் திருகிப் பூட்டும் சுருள் வரி. அதிகப் பொருள் கெட்டுப்போவது இதில்தான். பெடல் அச்சு சுழலும் பகுதிதான் பி.பி. (பாட்டம் பிராக்கெட்), அதை இரண்டு பக்கமும் பிடித்திருக்கும் மூடி கப். என் முதல் சைக்கிளில் செயின் பக்கத்து பி.பி. கப் அசையவே இல்லை. ஸ்பேனரின் கைப்பிடியில் நீளமான பைப்பைச் செருகி, இடப்பக்கமாக முழு பலத்தோடு இழுத்தேன். கப்பின் தட்டையான ஓரம் மழுங்கிப்போனதுதான் மிச்சம். இங்கிலாந்து மறையில் அந்தப் பக்கம் தலைகீழ். வலப்பக்கம் சுற்றினால்தான் கழலும். அவ்வளவு நேரமும் நான் அதை இறுக்கிக்கொண்டிருந்தேன். இத்தாலி, பிரெஞ்சு சைக்கிள்களில் இரண்டு பக்கமும் சாதாரண மறைதான். ஸ்விட்சர்லாந்து மறை அளவில் பிரெஞ்சைப் போல இருந்தாலும் செயின் பக்கம் தலைகீழ்.

அதனால் ஸ்பேனரை எடுக்கும் முன் கப்பின் முகத்தைத் துடைத்துப் படியுங்கள். 1.37 x 24 என்றால் இங்கிலாந்து, 36 x 24 என்றால் இத்தாலி, 35 x 1 என்றால் பிரெஞ்சு அல்லது ஸ்விஸ். எழுத்து அழிந்திருந்தால் வெர்னியர் வைத்து அளக்கலாம். ஆனால் இங்கிலாந்து கப் சுமார் 34.8 மி.மீ., பிரெஞ்சு கப் 35 மி.மீ. தலைமுடி அளவு வித்தியாசம்தான். ஒன்றில் மற்றது இரண்டு சுற்று ஏறும், அப்புறம் ஃப்ரேமின் மறையையே தின்றுவிடும். பெடலிலும் இதே கதைதான்: பழைய பிரெஞ்சு கிராங்க் (பெடலைத் தாங்கும் கை) 14 மி.மீ. மறை கொண்டது. இன்றைய 9/16 அங்குலப் பெடலைத் திணித்தால் அலுமினிய மறை போய்விடும்.

சீட் போஸ்ட் அலுமினியம், ஃப்ரேம் எஃகு. இரண்டும் ஈரத்தில் சேர்ந்தால் வெள்ளைப் பொடி கிளம்பி இறுகிப் பிடித்துக்கொள்ளும். சீட்டைப் பிடித்து முறுக்காதீர்கள், மெல்லிய குழாய் வளைந்துவிடும். ஊடுருவும் எண்ணெயை மேலிருந்து விடுங்கள். பி.பி.யைக் கழற்றியபின் ஃப்ரேமைக் கவிழ்த்து அடியிலிருந்தும் விடுங்கள். நாள் கணக்கில் பொறுத்திருங்கள். திரும்பப் போடும்போது கிரீஸ் தடவ மறக்காதீர்கள்.

பேரிங்குகளில் பழைய கிரீஸ் மேலேயே புது கிரீஸ் அப்புவதும் வேண்டாம். கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, பால்ஸை எண்ணி வையுங்கள். பின் வீல் ஹப்பில் வழக்கமாகப் பக்கத்துக்கு 9 இருக்கும். பால்ஸ் உருளும் கூம்பான கோனின் மேல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். குழி தட்டுப்பட்டால் கோனையும் மாற்ற வேண்டும். பால்ஸ் எப்படியும் புதுசுதான்.

கழற்றிய பழைய பாகங்களைத் தூக்கிப் போடாதீர்கள். இத்தாலியின் காயோலேயில் 1997 முதல் நடக்கும் லெரோய்க்கா என்ற பழைய சைக்கிள் பயணத்தில் பெரும்பாலும் 1987-க்கு முந்தைய ரேஸ் சைக்கிள்களைத்தான் ஓட்டுவார்கள். கீழ்க்குழாயில் கியர் லீவர், வெளியே தெரியும் பிரேக் கேபிள், கால் கிளிப் எல்லாம் வேண்டும்.

வீலை மாற்றுபவர்களுக்கு ஒன்று. டயர் உட்காரும் இடத்தில் 27 அங்குல ரிம்மின் விட்டம் 630 மி.மீ., 700சி ரிம்மின் விட்டம் 622 மி.மீ. 27-ஐ எடுத்துவிட்டு 700சி போட்டால் பிரேக் கட்டை 4 மி.மீ. கீழே இறங்கியாக வேண்டும். இல்லையென்றால் அது டயரையே அறுக்கும். குரோம் பூசிய எஃகு ரிம் மழையில் சரியாகப் பிடிக்காது, இறக்கத்தில் வெகு முன்னதாகவே பிரேக் பிடியுங்கள். பழைய அலுமினிய ஹேண்டில்பாரிலும் அதை ஃப்ரேமோடு பிடித்திருக்கும் ஸ்டெமிலும் மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். கொஞ்சம் சந்தேகம் வந்தாலும் மாற்றிவிடுங்கள், அது முகத்தோடு விளையாடும் விஷயம்.

முதல் ஓட்டம் ஐந்து கிலோமீட்டர் போதும். பையில் கிராங்க் ஸ்பேனர் இருக்கட்டும். வீடு திரும்பியதும் இரண்டு கிராங்க் போல்ட்டையும் இன்னொரு முறை இறுக்குங்கள். தளர்வாக ஓட்டினால் அலுமினிய கிராங்கின் சதுர ஓட்டை வட்டமாகத் தேய்ந்துவிடும், அப்புறம் எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது.