நாய்க்காகப் பின்னுகிறவர்களுக்கு: நான் செய்த தவறை நீங்கள் செய்யாதீர்கள்

போன மாதம் தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் நாய்க் காப்பகத்துக்காக விற்பனை மேசை போட்டிருந்தோம். புதிதாகச் சேர்ந்த இரண்டு பெண்கள் பெட்டியைத் திறந்ததும் எனக்குப் பகீரென்றது. மீந்த உல்லன் நூலை மூன்று புரியாகப் பின்னி, இரண்டு முனையிலும் முடிச்சுப் போட்ட கயிறுகள், நாய் கடித்து இழுத்து விளையாட. இருபது இருக்கும். அத்தனையையும் எடுத்து மேசைக்கு அடியில் வைத்துவிட்டேன். அவர்கள் முகம் சுண்டிப்போனது.

கையைக் கழுவு, கூண்டைச் சாத்து என்பதையெல்லாம் காப்பகத்திலேயே முதல் நாள் சொல்லிவிடுவார்கள். மற்றதைச் சொல்கிறேன்.

நாய்க்கு நூல் பொம்மை

இதே கயிற்றை ஒரு தீபாவளி விற்பனைக்கு நானும் பின்னினேன். எல்லாம் விற்றுத் தீர்ந்தது. மூன்றாம் நாள், டர்பனிலேயே இருக்கும் ஃபீனிக்ஸிலிருந்து வந்து வாங்கிப்போன அக்கா ஒருவர் போன் செய்தார். நாய் வாந்தி எடுக்கிறது, சோற்றைத் தொடவில்லை என்றார்.

கயிறு பிரிந்து ஓர் இழை உள்ளே போயிருக்கிறது. ஒரு முனை வயிற்றில் சிக்கிக்கொள்ள, மறுமுனை குடலுக்குள் இறங்கிவிட்டது. குடல் அதைத் தள்ளப் பார்க்கும், நூல் நகராது. பாவாடை நாடாவை இழுத்தால் துணி எப்படிச் சுருங்குமோ அப்படிக் குடல் சுருங்கிக்கொள்ளும். விட்டால் நூலே குடலை அறுத்துவிடும். அறுவைச் சிகிச்சை செய்து அந்த நாயைக் காப்பாற்றினார்கள். செலவோ, அன்றைக்கு மேசையில் வசூலானதைவிட அதிகம். நாய்களுக்கென்று உட்கார்ந்து பின்னி, ஒரு நாயின் வயிற்றைக் கிழிக்க வைத்தேன்.

சொன்னால், "எங்கள் நாய் ஒரு வருஷமாக இதை வைத்துத்தான் விளையாடுகிறது" என்கிறார்கள். ஒவ்வொரு முறையும் எனக்குக் கோபம் வருகிறது. சில நாய் மெல்லும், சில நாய் விழுங்கும். நீங்கள் விற்பது எந்த நாய்க்குப் போகும் என்று உங்களுக்குத் தெரியுமா? அப்புறம், நாயின் வாயிலோ பின்புறத்திலோ நூல் தொங்கினால் பிடித்து இழுக்காதீர்கள். உள்ளே மாட்டியிருந்தால் இழுப்பே குடலை அறுக்கும். நேரே மருத்துவரிடம் போங்கள்.

ஜூன், ஜூலைக் குளிருக்குப் பின்னித் தரும் ஜெர்சியும் இப்படித்தான். பட்டன் வேண்டாம், குஞ்சம் வேண்டாம். போர்வை என்றால் ஓரம் மடித்துத் தையுங்கள். ராத்திரி கூண்டில் அது எதைக் கடிக்கிறது என்று பார்க்க ஆள் இருக்காது. விற்பனைக்கு மனிதர்கள் வைத்துக்கொள்கிற சாமானாகப் பின்னுங்கள்: டீ பாட் உறை, தோள் பை, குழந்தைக்குத் தொப்பி.

வசூல்

நூலுக்குக் கொடுத்த ரேண்டைக் கழித்துவிட்டுக் கணக்குச் சொல்லுங்கள்.

காப்பகச் செருப்பு

அதைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் வரக் கூடாது. நாய்க்குட்டிகளைக் கொல்லும் பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும்.

தீபாவளி வாரத்தில் காணாமல் போவது

முறுக்குச் சுடணும், விருந்தாள் வருகிறார்கள் என்று எல்லோரும் அந்த வாரம்தான் நின்றுவிடுகிறார்கள். வெடிச் சத்தத்தில் மிரண்டு வேலி தாண்டி ஓடிய நாய்கள் வந்து சேர்வதும் அந்த வாரம்தான். அதை ஒட்டியே நவம்பர் 5, கை ஃபாக்ஸ் (Guy Fawkes) நாள் என்று இங்கே போடும் வெடி வேறு. காலையில் இரண்டு மணி நேரம் வந்தாலே பெரிய உதவி. வர முடியாவிட்டால் முந்தின வாரமே சொல்லிவிடுங்கள், வேறு ஆள் பார்க்கலாம்.

பல் பட்டால் மறைப்பது

டர்பன் இருக்கிற குவாசூலு-நட்டால் மாகாணத்தில் நாய்களிடம் ரேபிஸ் இருக்கிறது. சின்னக் கீறல்தானே என்று விடாதீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவிவிட்டு அன்றைக்கே கிளினிக்குக்குப் போங்கள்.

அந்த இருபது கயிற்றையும் மறுநாள் என் வீட்டில் மூவருமாக உட்கார்ந்து பிரித்தோம். நூல் நெளிநெளியாக வந்தது. கெட்டில் ஆவியில் காட்டி நேராக்கி உருண்டையாகச் சுற்றி வைத்திருக்கிறோம். ஆறு டீ பாட் உறைக்குக் காணும்.