வாடவேணும், வேகக்கூடாது: சூடான சோஸ் ஊற்றும் சலாட்டில் நாம் விடும் தவறுகள்

பிரான்ஸில் லியோன் நகரத்துச் சலாட் என்று ஒன்று இருக்கிறது. சுருள் சுருளான ஃப்ரிஸே இலை, பொரித்த உப்பிட்ட பன்றி இறைச்சித் துண்டுகள், அந்தக் கொழுப்பிலேயே வினாகிரி விட்டுச் செய்த சூடான சோஸ், மேலே ஒரு முட்டை. லியோனில் ‘புஷோன்’ என்று சொல்லும் சிறிய உணவகங்களில் இது அன்றாடச் சாப்பாடு. பாரிஸில் நான் வேலைக்குச் சேர்ந்த குசினியில் முதலில் என் கையில் தந்த கோப்பையும் இதுதான். ஐந்து நிமிட வேலை என்று நினைத்தேன். முதல் வாரத்தில் பாதிக் கோப்பைகள் திரும்பி வந்தன.

பக்கத்து அடுப்பில் நின்ற அண்ணை ஒருநாள் என் கையில் இருந்த தாச்சியை வாங்கி வைத்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, நீ கீரை வறை செய்யிறாய். இது வாடவேணும், வேகக்கூடாது.”

யோசித்துப் பார்த்தால், நான் செய்த பிழைகளில் பாதி ஊர்ச் சமையலில் இருந்து கையோடு வந்த பழக்கங்கள். பச்சை இலையைக் கண்டால் வேகவைக்கத் தோன்றும். தாளிதம் என்றால் கடுகு வெடிக்கும் அளவுக்கு எண்ணெய் காய வேணும் என்று மனம் சொல்லும். இந்தச் சலாட்டும் ஒருவகையில் தாளித்துக் கொட்டுவதுதான். ஆனால் இங்கே கொட்டும்போது இருக்கவேண்டிய சூடு வேறு.

முதலில் இலை. எல்லா இலையும் இதற்குச் சரிவராது. கடையில் உருண்டையாகக் கிடைக்கும் மென்மையான லெற்றஸில் சூடான கொழுப்பை ஊற்றினால் அரை நிமிடத்தில் ஈரத்துணி மாதிரிப் படுத்துவிடும். தண்டிலே கொஞ்சம் உறுதியும் நாக்கிலே கொஞ்சம் கைப்பும் உள்ள இலை வேண்டும். ஃப்ரிஸே, காப்பியில் கலக்கிறார்களே சிக்கரி, அதன் நெருங்கிய சொந்தம். கைப்பு அந்தக் குடும்பத்துச் சொத்து. வெளிச்சம் படாமல் மூடி வளர்ப்பதால் இதன் நடுப்பகுதி மஞ்சளும் வெள்ளையுமாக, மென்மையாக இருக்கும். வெளிப்பக்கத்துக் கரும்பச்சை இலைகளோ தடிப்பு, கடும் கைப்பு. அவற்றை எறிய மனம் வராமல் சேர்த்துவிடுவதும் ஒரு பிழை. அவற்றைச் சூப்புக்குப் போடுங்கள். வசந்த காலத்தில் இங்குள்ளவர்கள் புல்வெளியில் முளைக்கும் ‘பிஸான்லி’ இலையை எடுத்து இதே மாதிரிச் செய்வார்கள். ஆங்கிலத்தில் டான்டலியன் என்கிற செடி. பூப்பூக்கும் முன் பறித்தால்தான் வாயில் வைக்கலாம். பசளி கிடைத்தால் முற்றிய இலையாக எடுங்கள். பிஞ்சு இலை என்றால் சோஸை இன்னும் ஆறவிட்டுத்தான் ஊற்றவேணும்.

அடுத்தது ஈரம். இதைத்தான் நான் ஆகப் பெரிய தவறு என்பேன், ஏனென்றால் இது கண்ணுக்குத் தெரியாது. கழுவிய இலையை இரண்டு தரம் உதறிவிட்டுப் போட்டால், ஒவ்வொரு சுருளுக்குள்ளும் ஒரு துளி தண்ணீர் ஒளிந்திருக்கும். கொழுப்பு அந்தத் தண்ணீரில் வழுக்கிக் கோப்பையின் அடிக்குப் போய்விடும். மேலே வாயில் படுவது வெறும் இலை, அடியில் கிடப்பது நெய்க்குளம். எங்கள் குசினியில் இலையைச் சுழற்றும் கூடையில் போட்டுத் தண்ணீரை எடுத்த பிறகும், பருத்தித் துவாயில் பரப்பி, சுருட்டி, அரை மணித்தியாலம் வைப்போம். வீட்டில் சுழற்றும் கூடை இல்லாவிட்டால் துவாய் மட்டும் போதும், ஆனால் இரண்டு துவாய் வேணும்.

அந்த அரை மணித்தியாலத்துக்கு இன்னொரு பயன் உண்டு. குளிர்சாதனப் பெட்டியில் இருந்து எடுத்த இலை நாலைந்து பாகையில் இருக்கும். பன்றிக் கொழுப்பு அந்தக் குளிரில் பட்டவுடன் இறுகி, இலையின்மேல் மெழுகு பூசினமாதிரி வெள்ளையாக ஒட்டிக்கொள்ளும். நாக்கின் மேல்பக்கத்திலும் ஒட்டும். திரும்பி வந்த என் கோப்பைகளில் பலவற்றின் குறை இதுதான். இலை அறைச் சூட்டுக்கு வரவேணும், கலக்கும் பாத்திரத்தைச் சுடுதண்ணீரில் அலசித் துடைத்து இளஞ்சூடாக வைத்திருக்கவேணும்.

இனி இறைச்சி. காய்ந்த தாச்சியில் துண்டுகளைப் போட்டால் வெளியே சட்டென்று கருகும், உள்ளே கொழுப்பு அப்படியே நிற்கும். நமக்கு வேண்டியதே அந்தக் கொழுப்பு. ஆறின தாச்சியில் போட்டு, அதன்பிறகு அடுப்பை மெல்லிய நெருப்பில் மூட்டுங்கள். மெதுவாக உருகி, துண்டுகள் தன் நெய்யிலேயே பொன்னிறமாகப் பொரியும். பத்து நிமிடம் எடுக்கும், அவசரப்படவேண்டாம். இறைச்சி ஏற்கெனவே உப்பிட்டது என்பதையும் மறக்காதீர்கள். சோஸைக் கலந்து ருசி பார்க்கும்வரை உப்புச் சாடியைத் தொடவே கூடாது.

பன்றி சாப்பிடாதவர்கள் இதைக் கைவிடத் தேவையில்லை. காளானைச் சிறிதாக வெட்டி, தண்ணீர் வற்றி விளிம்பு மொறுமொறுக்கும்வரை ஒலிவ் எண்ணெயில் வதக்கினால் அந்த எண்ணெயே சோஸ் ஆகும். ஒலிவ் எண்ணெய் பன்றிக் கொழுப்புப் போல இறுகாது என்பதால் ஒருவகையில் இது இன்னும் இலகு.

வினாகிரி விடும் இடத்தில்தான் கை நடுங்கும். புகை எழும் கொழுப்பில் ஊற்றினால் அது சீறித் தெறிக்கும், நெடி தொண்டையைப் பிடிக்கும், வாசமும் ஆவியோடு போய்விடும். அம்மா சொதி வைக்கும்போது என்ன செய்வா? அடுப்பால் இறக்கி, கொதி அடங்கினபிறகுதான் தேசிக்காய்ப் புளி விடுவா. இங்கும் அதே கணக்கு. பொரிந்த துண்டுகளை எடுத்து வைத்து, பொடியாக அரிந்த சின்ன வெங்காயம் ஒன்றைக் கொழுப்பில் ஒரு நிமிடம் வாட்டி, தாச்சியை அடுப்பால் இறக்கி, இருபது எண்ணுங்கள். பிறகு சிவப்பு வைன் வினாகிரி. அடியில் ஒட்டியிருக்கும் பழுப்புப் படிவை மரக்கரண்டியால் சுரண்டி அதில் கரையுங்கள். ருசி முழுக்க அங்கேதான் இருக்கிறது, அதைக் கழுவி ஊற்றுகிறவர்களைக் கண்டால் மனம் வேகும்.

அளவு: குளிர்ந்த சலாட்டுக்கு எண்ணெய் மூன்று பங்கு, வினாகிரி ஒரு பங்கு என்பது பிரெஞ்சுக் குசினி வாய்ப்பாடு. சூடான கொழுப்பு கனமானது, இறைச்சியும் உப்பு, அதனால் இங்கே இரண்டுக்கு ஒன்று என்று புளிப்பைக் கூட்டவேணும். நாலு பேருக்கு ஒரு பெரிய ஃப்ரிஸே, 150 கிராம் இறைச்சித் துண்டு, நாலு மேசைக்கரண்டி கொழுப்பு, இரண்டு மேசைக்கரண்டி வினாகிரி. கொழுப்புக் குறைந்தால் எண்ணெயால் நிரப்புங்கள். ஒரு தேக்கரண்டி டிஜோன் கடுகு விழுது சேர்த்து அடித்தால் கொழுப்பும் வினாகிரியும் பிரியாமல் நிற்கும். கடுகு விழுதைக் கடைசியில்தான் போடவேணும். கொதிக்கும் கொழுப்பில் போட்டால் திரிந்து கட்டி கட்டியாகும்.

சரியான சூடு எது? தாச்சியின்மேல் உள்ளங்கையைப் பிடித்தால் வெக்கை தெரியவேணும், ஆனால் சோஸ் கொதிக்கக்கூடாது. இலை நிமிர்ந்து நிற்பது அதன் கலங்களுக்குள் தண்ணீர் அழுத்தி நிற்பதால்தான். சுமார் 60 பாகை செல்சியஸுக்கு மேல் கலச்சவ்வு குலைந்து தண்ணீர் வெளியேறத் தொடங்கும். நமக்கு வேண்டியது அந்த எல்லையை இலையின் ஓரம் மட்டும் தொடுவது. சோஸை மூன்று தரமாக ஊற்றுங்கள், ஒவ்வொரு தரமும் அடியில் இருந்து மேலே புரட்டுங்கள். ஓரம் துவண்டு மினுங்கவேணும். நடுத்தண்டைக் கடித்தால் ‘நறுக்’ என்று சத்தம் கேட்கவேணும். சூடு போதவில்லை என்று இலையையே தாச்சிக்குள் போட்டுப் புரட்டினால், அது நல்ல கீரைக் கறியாக வரலாம், சலாட் அங்கே முடிந்துவிடும்.

இன்னுமொரு விஷயம், பலருக்கும் தெரியாதது. இலையை அதிகம் வாட்டுவது வினாகிரி என்றுதான் நினைப்போம். உண்மையில் எண்ணெய்தான் வேகமாக வாட்டும். இலையின் மேற்தோல் மெழுகு பூசியது; தண்ணீரும் வினாகிரியும் அதில் உருண்டோடும், எண்ணெய் ஊடுருவிப் போய்விடும். ஆகவே சூடு ஆறினாலும் இலை துவண்டுகொண்டேதான் இருக்கும். விருந்தாளி வரும்முன் கலந்து வைக்கிற பழக்கம் இந்தச் சலாட்டுக்கு ஆகாது. ஆட்கள் மேசையில் இருந்த பிறகுதான் சோஸ் ஊற்றவேணும்.

அப்படியென்றால் முட்டை? அதை முன்கூட்டியே செய்து வைக்கலாம். கொதி அடங்கிய தண்ணீரில் ஒரு கரண்டி வினாகிரி விட்டு, புது முட்டையை உடைத்து இறக்கி மூன்று நிமிடம். எடுத்துக் குளிர்ந்த தண்ணீரில் போட்டு வையுங்கள், பரிமாறும்போது சுடுதண்ணீரில் அரை நிமிடம் முக்கினால் போதும். மஞ்சட்கரு இறுகிவிட்டால் இன்னொன்று செய்யுங்கள், மனம் பார்க்காதீர்கள். இலையின்மேல் வைத்துக் கத்தி முனையால் குத்தியதும் மஞ்சள் வழிந்து கைப்பையும் புளிப்பையும் தடவிக்கொண்டு கீழே இறங்கவேணும். அதைத் துடைத்தெடுக்கப் பக்கத்தில் ஒரு துண்டு பாண் வையுங்கள்.