வாடகைக்கு விட ஃபிளாட் வாங்கப் போகிறீர்களா? இந்தக் கணக்கை முதலில் போடுங்கள்

சென்னையில் வாடகைக்கு விடத்தான் வாங்குகிறீர்கள் என்றால், வருஷத்துக்குப் பன்னிரண்டு மாத வாடகை என்று கணக்குப் போடாதீர்கள், பத்தரை என்று வையுங்கள், ஏனென்றால் ஆள் மாறும்போது வீடு காலியாகக் கிடக்கும், பெயின்ட், பிளம்பர், புரோக்கர் கமிஷன் என்று வரிசையாக வரும். சொத்து வரியும் மெயின்டனன்ஸும் தனி. வருமான வரியில், கட்டிய சொத்து வரி போக மீதி வாடகையில் 30 சதவீதம் பில் காட்டாமலே கழியும், அது ஒரு ஆறுதல்.

இன்ஷூரன்ஸ் பற்றி 2015 வெள்ளத்தில் வேளச்சேரி, முடிச்சூர் பக்கம் இருந்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். பாரத் கிருஹ ரக்ஷா என்ற வீட்டுக் காப்பீட்டு பாலிசியில் தீ, வெள்ளம், புயல் எல்லாம் வரும். சேதத்தால் வீட்டில் குடியிருக்க முடியாமல் போனால் வாடகை இழப்பும் அடக்கம். ஆனால் காப்பீட்டுத் தொகையை வாங்கிய விலைக்கு எடுக்காதீர்கள், திரும்பக் கட்ட ஆகும் செலவுக்கு எடுங்கள். மனையை வெள்ளம் தூக்கிக்கொண்டு போகாது! குடியிருப்பவரின் டிவி, ஃபிரிட்ஜ் அவர் பொறுப்பு.

அப்புறம், ஒப்பந்தத்தை எழுதி, தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டப்படி வாடகை அதிகாரியிடம் பதிந்துவிடுங்கள். சாவி கொடுக்கும் அன்றே ஈபி மீட்டர் ரீடிங், சுவர், குழாய், கதவு எல்லாவற்றையும் போட்டோ எடுத்து குடிவருபவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். காலி செய்யும்போது அட்வான்ஸில் பிடித்தம் பற்றிய பாதிச் சண்டை அதிலேயே முடிந்துவிடும்.