பாடாத ஞாயிறுகள்

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் கிறிஸ்தவ சபையின் பாட்டுக்குழுவில் 11 வருடம் முன்னால் நின்று பாடினேன். தொண்டையில் சத்திரசிகிச்சை செய்தபின் அந்தக் குரல் திரும்பவில்லை. ‘பாட்டுக்கார அக்கா’ இல்லையென்றால் நான் யார்? உங்களுக்கும் இந்தக் கேள்வி இருந்தால், எனக்கு உதவியதைச் சொல்கிறேன்.

முதலில் வேதாகமத்தில் மாற்கு 1ஆம் அதிகாரத்தை மெதுவாக வாசியுங்கள். யோர்தானில் ஞானஸ்நானம் பெற்றுக் கரையேறும்போதே பிதா இயேசுவை நேசகுமாரன் என்கிறார். அந்தச் சுவிசேஷத்தில் அதுவரை அவர் ஒரு அற்புதமும் செய்யவில்லை, ஒரு பிரசங்கமும் பண்ணவில்லை. அன்பு முதலில், ஊழியம் அப்புறம். நான் இதைத் தலைகீழாக வைத்திருந்தேன்.

பிறகு ஒரு கொப்பியில் ‘நான்’ என்று தொடங்கிப் பத்து வரி எழுதுங்கள். திறமையால் வந்ததையெல்லாம் வெட்டுங்கள். எனக்கு மிஞ்சியது இரண்டே வரி: அம்மாவின் மகள், தேவனுடைய பிள்ளை. அன்று நன்றாக அழுதேன்.

மாதத்தில் ஒரு ஞாயிறு எந்தப் பொறுப்பும் எடுக்காமல் கடைசி வாங்கில் உட்காருங்கள். இதுதான் மிகக் கஷ்டம். முடியாவிட்டால், என்னைப்போல உங்களை யாருக்கும் தெரியாத இடத்துக்குப் போங்கள். நான் ஒரு செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போனேன். மெழுகுதிரியோடு தமிழரும் சிங்களவரும் நெருக்கியடித்து நின்றார்கள். யாரும் என்னைப் பாடச் சொல்லவில்லை. பல வருடங்களுக்குப்பின் வெறுமனே ஜெபித்தேன்.

திறமையை வெறுக்காதீர்கள், அது தேவன் தந்தது. பாராட்டு வரும் நாளில் லூக்கா 10:20ஐ எடுத்து வாசியுங்கள்: செய்த காரியத்துக்காக அல்ல, உங்கள் பெயர் பரலோகத்தில் எழுதியிருப்பதற்காகச் சந்தோஷப்படுங்கள் என்று இயேசு அங்கே சொல்கிறார். இப்போது நான் ஆராதனைக்கு முன் கதிரை அடுக்குகிறேன், சின்னவர்களுக்குப் பாட்டு வரிகளை எழுதிக் கொடுக்கிறேன்.