வெந்நீர் ஊற்றிலிருந்து தெர்மஸ் பாக்டீரியாவைப் பிரித்து வளர்ப்பது எப்படி?

வெப்பம் விரும்பும் நுண்ணுயிர்களை முதன்முதலாக வளர்த்துப் பார்க்க நினைப்பவர்கள் தெர்மஸ் இனத்தில் தொடங்குவதே நல்லது. அது காற்றில் வளரும், ஸ்போர் (கடும் சூழலைத் தாங்கும் உறங்குநிலைச் செல்) உண்டாக்காது, சிக்கலான கருவிகளும் கேட்காது. நுண்ணுயிரியலாளர்கள் தாமஸ் பிராக்கும் ஹட்சன் ஃப்ரீஸும் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் ஊற்றுகளில் கண்டெடுத்து 1969இல் விவரித்த தெர்மஸ் அக்வாட்டிகஸ் 40 முதல் 79 டிகிரி செல்சியஸ் வரை வளரும். அதற்கு மிகவும் பிடித்தது 70 டிகிரி. 70 டிகிரிச் சூடு உண்டாக்குவது யாருக்கும் முடியும். அந்தச் சூட்டில் ஊடகத்தின் (நுண்ணுயிர் வளரும் சத்துக் கரைசலின்) தண்ணீரையும் ஆக்சிஜனையும் காப்பாற்றுவதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

மாதிரி எடுக்க ஊற்றுக்கண்ணை நெருங்க வேண்டாம். ஓரத்துக் கனிமப் படிவு கெட்டியாகத் தெரிந்தாலும் அடியில் குழிந்திருக்கலாம். கால் உள்ளே போனால் கொதிநீர்தான். ஊற்று வழிந்தோடும் வாய்க்காலில் 55 முதல் 80 டிகிரி வரையிலான, பிஎச் (அமில-காரத் தன்மையின் அளவு) 6.5க்கும் 9க்கும் இடைப்பட்ட இடமாகப் பார்த்து, நீளக் கழியில் குப்பியைக் கட்டி எடுங்கள். தேசியப் பூங்காவாக இருந்தால் முன்கூட்டியே எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். தெளிந்த நீரைவிடக் கல்லில் ஒட்டிய வழவழப்பான படலத்தைச் சுரண்டி எடுப்பது பலன் தரும். அவகாசம் இருந்தால் நுண்ணோக்கிக் கண்ணாடித் தகட்டை நூலில் கட்டி ஓட்டத்தில் சில நாள் தொங்கவிடுங்கள். வெறும் கண்ணுக்குச் சுத்தமாகத் தெரியும் நீரிலும் தகட்டின் மேல் இழையிழையாகச் செல்கள் ஒட்டியிருக்கும். மாதிரியைப் பனிக்கட்டியில் வைக்கத் தேவையில்லை. அறை வெப்பத்தில் இவை வளராவிட்டாலும் சில நாள்களுக்குச் சாவதில்லை.

ஊடகத்துக்குக் காஸ்டன்ஹோல்ஸ் டி என்ற உப்புக் கலவையே போதும். ஒரு லிட்டருக்கு நைட்ரிலோட்ரைஅசிட்டிக் அமிலம் 100 மில்லிகிராம், நீரேறிய கால்சியம் சல்பேட் 60, நீரேறிய மெக்னீசியம் சல்பேட் 100, சோடியம் குளோரைடு 8, பொட்டாசியம் நைட்ரேட் 103, சோடியம் நைட்ரேட் 689, டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் 111 மில்லிகிராம். இதனுடன் 0.03 சதவீத ஃபெரிக் குளோரைடு கரைசல் 1 மில்லிலிட்டர், மாங்கனீஸ், துத்தநாகம், போரான் போன்ற நுண்தனிமங்களின் கரைசல் அரை மில்லிலிட்டர். உணவாக டிரிப்டோன் (செரித்த பால் புரதம்) 1 கிராம், ஈஸ்ட் சாறு 1 கிராம். முதலில் சொன்ன அமிலத்தைச் சிறிது சோடியம் ஹைட்ராக்சைடு விட்டுத் தனியாகக் கரைத்துக்கொள்ளுங்கள். சும்மா தண்ணீரில் போட்டால் அடியில் தங்கிவிடும். உலோக அயனிகளைப் பிடித்துவைப்பது அதுதான். அது இல்லாமல் ஆட்டோகிளேவ் செய்தால் (அழுத்த நீராவியில் கிருமி நீக்கினால்) பாஸ்பேட்டும் கால்சியமும் சேர்ந்து வெள்ளையாகப் படிந்துவிடும். பிஎச்சை 8.2க்குக் கொண்டுவந்து, 121 டிகிரியில் 15 நிமிடம் கிருமி நீக்குங்கள்.

நிறைய உணவு போட்டால் நிறைய வளரும் என்று நினைப்பது இங்கே பலிக்காது. ஊற்றுநீரில் சத்து மிகக் குறைவு. புதிதாகப் பிரித்த தெர்மஸ் வகைகள் பல, ஆய்வகங்களின் வழக்கமான சத்துக் கரைசலான நியூட்ரியன்ட் பிராத்தின் செறிவிலேயே முடங்கிவிடும். வளர்ச்சி காணாவிட்டால் டிரிப்டோனைக் கூட்டாமல் பாதியாகக் குறைத்துப் பாருங்கள். பிஎச்சை நிலையாக வைக்கச் சேர்க்கும் டிரிஸ் தாங்கலையும் தவிர்க்கலாம். ஒவ்வொரு டிகிரி சூட்டுக்கும் அதன் பிஎச் ஏறத்தாழ 0.028 இறங்கும். 25 டிகிரியில் 8.2 காட்டிய கரைசல் 70 டிகிரியில் 7க்குக் கீழே போய்விடும். மீட்டரில் உள்ள வெப்பத் திருத்தம் மின்முனையின் அளவீட்டைத்தான் சரிசெய்யும். கரைசலில் நிகழும் மாற்றத்தை அது ஈடுகட்டாது.

திட ஊடகத் தட்டுகளுக்கு, ஊடகத்தை இறுகச் செய்யும் கெல்லன் கம் 0.8 சதவீதம் சிறந்தது. சிறிது கால்சியம் அல்லது மெக்னீசியம் குளோரைடு சேர்த்தால்தான் இறுகும். சூடாக இருக்கும்போதே விரைந்து ஊற்றுங்கள்; கை தாமதித்தால் குடுவையிலேயே உறைந்துவிடும். அகார்தான் கிடைக்கும் என்றால் 3 சதவீதம் போடுங்கள். தட்டுக்கு 25 முதல் 30 மில்லிலிட்டர் என்று கனமாகவே ஊற்றி, மாதிரியைப் பரப்பி, கவிழ்த்து, ஈரத்தாளோடு மூடிய டப்பாவில் வையுங்கள். இன்குபேட்டரின் (வளர்ப்புப் பெட்டியின்) விசிறிக் காற்றில் திறந்து வைத்த தட்டு ஓரிரு நாளில் காய்ந்து ஓரத்தில் சுருண்டுவிடும். மறுபுறம், மூடியிலிருந்து நீர் சொட்டினால் காலனிகள் (தட்டில் திட்டுத்திட்டாக வளரும் செல் கூட்டங்கள்) ஒன்றோடொன்று ஓடிக் கலந்துவிடும். அதனால் மாதிரி நன்றாக உறிஞ்சப்பட்ட பிறகே கவிழ்க்க வேண்டும். 80 டிகிரிக்கு மேல் போவதானால் கண்ணாடித் தட்டுக்கு மாறுங்கள்.

திரவத்தில் வளர்ப்பவர்கள் 250 மில்லிலிட்டர் குடுவையில் 50 மில்லிலிட்டருக்கு மேல் நிரப்ப வேண்டாம். 70 டிகிரி நீரில் கரையும் ஆக்சிஜன், 25 டிகிரி நீரில் கரைவதில் பாதிகூட இராது. ஆகவே மெதுவாகவேனும் குலுக்கியே ஆக வேண்டும். வாயை இறுக அடைத்தால் மூச்சு முட்டும். திறந்து விட்டால் ஆவியாகி உப்புச் செறிவு ஏறும். பஞ்சடைப்பின் மேல் தளர்வாக அலுமினியத் தாள் சுற்றி, குடுவையை எடைபோட்டு வைத்து, குறைந்த எடைக்குக் கிருமி நீக்கிய நீர் ஊற்றுவது போதுமானது. வெப்பநிலையை இன்குபேட்டரின் திரையில் பார்க்காமல், உள்ளே ஒரு நீர்க்குடுவையில் வெப்பமானியைப் போட்டுப் பாருங்கள்.

பிராக் விவரித்த வகை 70 டிகிரியில் சுமார் 50 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். இருந்தாலும் ஊற்றிலிருந்து நேராக வரும் செல்கள் தட்டில் தெரிய இரண்டு முதல் நான்கு நாள் ஆகலாம். மஞ்சள் நிறக் காலனிகளை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நிறம் கரோட்டினாய்டுகளால் வருவது. வெளிச்சம் படாத இடத்து வகைகள் வெளிறியும் இருக்கும் என்பதால் நிறமில்லாதவற்றை ஒதுக்கிவிடாதீர்கள்.

பெரும்பாலும் ஏமாற்றுவது ஜியோபேசில்லஸ் என்ற இன்னொரு வெப்பம் விரும்பும் பாக்டீரியா. அதன் ஸ்போர்கள் மண்ணிலும் தூசியிலும் உண்டு; 55 முதல் 65 டிகிரியில் தெர்மஸை முந்தி வளரும். வளர்ப்பை 70 முதல் 75 டிகிரியில் வைத்தால் அதன் தொல்லை பெருமளவு அடங்கும். பிறகு பாக்டீரியாக்களை கிராம் நேர், கிராம் எதிர் என்று இரு வகையாகப் பிரித்துக் காட்டும் கிராம் சாயம் இட்டுப் பாருங்கள். தெர்மஸ் கிராம் எதிர். மெல்லிய கோல்களும் நீண்ட இழைகளுமாகத் தெரியும். செல்லுக்குள் பளபளக்கும் முட்டை வடிவம் கண்டால் அது ஸ்போர். அந்தக் காலனியை விட்டுவிடலாம்.

மூன்று முறை தனிக் காலனியாகக் கீறி எடுத்தபின் 20 சதவீத கிளிசரால் சேர்த்து மைனஸ் 80 டிகிரியில் சேமியுங்கள். பாக்டீரியாவை அடையாளம் காண உதவும் 16எஸ் மரபணுவை பி.சி.ஆர் (டிஎன்ஏவைப் பல படிகளாகப் பெருக்கும் முறை) மூலம் பெருக்கி உறுதி செய்யும்போது டிஎன்ஏ இடாத குழாய் ஒன்றைக் கட்டாயம் ஓட்டுங்கள். பி.சி.ஆருக்கு ஊற்றும் டாக் பாலிமரேஸ் என்ற நொதி இதே தெர்மஸ் அக்வாட்டிகஸிடமிருந்து வந்தது. பாக்டீரியாவிலேயே தயாரிக்கப்படும் நொதி என்பதால் அதில் பாக்டீரிய டிஎன்ஏவின் எச்சம் கலந்திருக்கக்கூடும். டிஎன்ஏ இடாத குழாயிலும் பட்டை விழுந்தால் (டிஎன்ஏ பெருகியதற்கான கோடு தெரிந்தால்), வரிசைமுறை தெர்மஸ் என்றே காட்டினாலும் அதைக் கணக்கில் கொள்ளாமல், வேறு நொதித் தொகுப்பில் மறுபடி செய்யுங்கள்.