கர்ப்ப காலத்தில் மீன்: எங்கே தவறு நடக்கிறது?

கர்ப்பம் என்று தெரிந்ததும் "மீன் சூடு" என்று அடியோடு நிறுத்திவிடுவது முதல் தவறு. குழந்தையின் மூளை, கண் வளர்ச்சிக்கு வேண்டிய டிஹெச்ஏ கொழுப்பை மீன்போலத் தரும் உணவு குறைவு. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் கர்ப்பிணிகளுக்குச் சொல்லும் அளவு வாரத்துக்கு 225 முதல் 340 கிராம். இரண்டு மூன்று வேளைக்குச் சரியாக இருக்கும். பாதரசம் குறைந்த மீனாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் மாசமாக இருக்கும் பெண்ணுக்கென்று ஆசையாகத் தேடி வாங்குவது பெரிய வஞ்சிரத் துண்டு. சின்ன மீன்களைத் தின்று பல ஆண்டு வளர்ந்த மீனின் சதையில் மெத்தில் பாதரசம் என்ற நச்சு சேர்ந்துகொண்டே போகும். தாயின் ரத்தம் வழியாகக் குழந்தையின் நரம்பு மண்டலத்தை அது பாதிக்கும். சதையின் புரதத்தோடு பிணைந்திருப்பதால், மஞ்சளும் உப்பும் போட்டு எத்தனை முறை அலசினாலும் கொதிக்கவைத்தாலும் போகாது. வஞ்சிரத்தின் நெருங்கிய இனமான கிங் மேக்கரலும் சுறாவும் அந்த நிர்வாகத்தின் 'தவிர்க்க வேண்டியவை' பட்டியலில் இருக்கின்றன. தாய்ப்பால் கொடுப்பவர்களுக்கும் இதே பட்டியல்தான். பால் ஊறுவதற்காகச் சுறாப் புட்டு கொடுக்கும் வீடுகள் இதைக் கவனிக்க வேண்டும். விலை குறைந்த நெத்திலியும் மத்தியும்தான் இந்த நேரத்தில் உயர்ந்த மீன்கள். இறாலும் நல்லது.

வறுக்கும்போது தீயைக் கூட்டினால் மசாலா கருகும், முள்ளை ஒட்டிய சதை கண்ணாடிபோல வேகாமல் நிற்கும். தீயைக் குறைத்து, தடித்த இடத்தைப் பிட்டுப் பாருங்கள். வெள்ளையாகி இதழ் இதழாகப் பிரிய வேண்டும். உள்ளே 63 டிகிரி செல்சியஸ் சூடு ஏற வேண்டும். வெந்த பிறகும் வாய் திறக்காத மட்டியைத் தூக்கி எறியுங்கள். பச்சை மீன் வைத்த சுஷி, ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து அப்படியே தின்னும் புகையிட்ட சால்மன் இரண்டும் வேண்டாம். லிஸ்டீரியா கிருமி ஃப்ரிட்ஜ் குளிரிலும் பெருகும். தாய்க்கு லேசான காய்ச்சலோடு போனாலும் கருவைக் கலைத்துவிடக்கூடும்.

மீனுக்குப் பதிலாக மீன் எண்ணெய் மாத்திரை எடுப்பவர்கள் அட்டையைப் படியுங்கள். 'லிவர் ஆயில்' (மீன் ஈரல் எண்ணெய்) என்றிருந்தால் அதில் ரெட்டினால் வடிவ வைட்டமின் ஏ இருக்கும். அளவு மீறினால் பிறவிக் குறைபாடு வரலாம். மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

இன்னொன்று, நேற்று வைத்த மீன்குழம்பு. ருசி கூடும் என்று இரவு முழுக்க அடுப்பு மேடையிலேயே விடக் கூடாது. புளி காப்பாற்றும் என்று நம்பாதீர்கள். இரண்டு மணி நேரத்துக்குள், சித்திரை வெயிலில் ஒரு மணி நேரத்துக்குள், சின்னப் பாத்திரங்களில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வையுங்கள். மறுநாள் வேண்டியதை மட்டும் எடுத்து, தளதளவெனக் கொதிக்கவிட்டுச் சாப்பிடுங்கள்.