படக்கதைப் புத்தகத்தில் கழித்தல் கணக்கு: இரண்டாம் வகுப்புக்கு ஒரு செய்முறை

படக்கதைப் புத்தகம் என்றாலே தமிழ்ப் பாடவேளைக்கு என்று ஒதுக்கிவிடுகிறோம். கணக்குக்கும் அது கைகொடுக்கும். ஆனால் பாடத்தை முதலில் முடிவு செய்துவிட்டு அதற்கான புத்தகத்தைத் தேட வேண்டும். கிளையில் 10 கிளிகள், பக்கம் புரளப் புரளச் சில பறந்துபோகின்றன. அப்படி ஒரு கதை கிடைத்ததாக வைத்துக்கொள்வோம்.

1. புத்தகத்தைச் சோதியுங்கள்

16 முதல் 24 பக்கம், பக்கத்துக்கு மூன்று வரிக்குள். எழுத்தைக் கையால் மறைத்துப் படங்களை மட்டும் புரட்டுங்கள். கதை பிடிபட்டால் எடுத்துக்கொள்ளலாம். பிறகு கிளிகளை ஒவ்வொரு பக்கத்திலும் எண்ணுங்கள். எழுத்தில் ஏழு, படத்தில் ஆறு என்று இருந்தால் பிள்ளைகள் கட்டாயம் கண்டுபிடிப்பார்கள். பாடம் அங்கேயே நின்றுவிடும்.

கையில் புத்தகம் இல்லையென்றால் பிரதம் புக்ஸ் என்ற சிறுவர் நூல் பதிப்பகத்தின் ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழ்க் கதைகளை இலவசமாக இறக்கி அச்சிடலாம். வாசிப்பு நிலை 1 அல்லது 2 போதும்.

2. உட்காரும் இடம்

பாய் விரித்து அரைவட்டமாக உட்காரவையுங்கள். கடைசிப் பிள்ளை எட்டு அடிக்குள் இருக்கட்டும். 40 பேர் என்றால் இரண்டு அணி. ஜன்னலுக்கு முதுகு காட்டி நீங்கள் உட்கார்ந்தால் புத்தகம் அவர்களுக்கு இருட்டாகத் தெரியும். லேமினேட் செய்த தாளும் வெளிச்சத்தில் கண்ணைக் கூசும்.

நடுமடிப்பின் அடியை ஒரு கையால் பிடித்து, புத்தகத்தைத் தோளுக்குப் பக்கத்தில் வையுங்கள். தன் பக்கம் திருப்பி வாசித்துவிட்டு அப்புறம் காட்டினால் பாதிப் பேரின் கவனம் போய்விடும். அதனால் முந்தின நாளே மூன்று தடவை வாய்விட்டு வாசித்து வாருங்கள்.

3. முதல் நாள்: படம் மட்டும்

ஏழெட்டு நிமிடம் போதும். கடைசி இரண்டு பக்கத்தைக் காட்டாதீர்கள். இரண்டே கேள்விகள்: “என்ன தெரியுது?”, “எதைப் பார்த்து அப்படிச் சொல்றே?” கேட்டுவிட்டு மனசுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள், மூன்று நொடி பொறுத்தாலே பதில்கள் நீளமாகின்றன என்று 1970களிலேயே அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ ஆய்வில் காட்டினார்.

4. இரண்டாம் நாள்: வாசிப்பும் கணக்கும்

முதல் தடவை எங்கும் நிறுத்தாமல் வாசியுங்கள். இரண்டாம் தடவை மூன்று இடத்தில் மட்டும் நிறுத்துங்கள். அதற்கு மேல் போனால் கதை துண்டு துண்டாகிவிடும். ஆளுக்குப் பத்துப் புளியங்கொட்டை கொடுத்திருங்கள்.

பெரும்பாலும் தடுமாற்றம் வருவது இங்கேதான். மூன்று கிளிகள் பறந்துபோன பக்கத்தில் “எத்தனை மிச்சம்?” என்று கேட்டால், படத்தில் மிச்சமிருக்கும் ஏழு கிளிகளை எண்ணி “ஏழு” என்பார்கள். சரியான விடைதான், ஆனால் அது எண்ணல், கழித்தல் இல்லை. பறந்துபோன மூன்று அந்தப் பக்கத்தில் இல்லவே இல்லையே! எனவே முந்தின பக்கத்துக்குத் திரும்புங்கள்: “இங்கே எத்தனை?” பத்து. மறுபடி புரட்டுங்கள்: “இப்போ?” ஏழு. “அப்போ எத்தனை பறந்துச்சு?” புளியங்கொட்டையில் மூன்றை ஓரமாக ஒதுக்கட்டும், கையில் மூடிக்கொள்ள வேண்டாம், போனது கண்ணெதிரே இருந்தால்தான் பிடிபடும். அதன் பிறகே கரும்பலகையில் 10 − 3 = 7.

இரண்டு கிளிகள் திரும்பி வரும் பக்கம் இருந்தால் அங்கே நிதானம் தேவை. பழக்கதோஷத்தில் அதையும் கழிப்பார்கள். உடனே திருத்தாமல் படத்தில் கிளிகளின் அலகு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கேளுங்கள்.

‘கதையின் நீதி என்ன?’ என்ற கேள்வி மட்டும் வேண்டாம். அதைக் கேட்டதும் பிள்ளைகள் படத்தை விட்டுவிட்டு டீச்சர் முகத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள்.

5. மூன்றாம் நாள்: சொந்தப் புத்தகம்

ஒரு ஏ4 தாளை மூன்று தடவை பாதியாக மடித்துப் பிரித்தால் எட்டுக் கட்டம். குட்டையான இரு ஓரங்களும் சேரும்படி குறுக்காக ஒருமுறை மடித்து, மடிப்பு உள்ள பக்கத்திலிருந்து நடுக்கோட்டில் ஒரு கட்டம் அளவுக்கு வெட்டுங்கள். பிரித்து, நீளவாக்கில் மடித்து, இரு முனையையும் உள்ளே தள்ளினால் எட்டுப் பக்கப் புத்தகம் தயார். திறந்த பக்கத்திலிருந்து வெட்டினால் முனைகள்தான் கிழியும், புத்தகம் வராது. முதல் வெட்டை நீங்களே வெட்டிக் கொடுத்துவிடுங்கள்.

அட்டைக்கு இரண்டு பக்கம் போக ஆறு பக்கம். பக்கத்துக்கு ஒரு படம், ஒரு கணக்கு. கிளிதான் வரைய வேண்டும் என்றில்லை. பேருந்திலிருந்து இறங்குகிறவர்கள், தட்டிலிருந்து குறையும் இட்லி, எதுவும் இருக்கலாம்.